கேம்டன் தெருவிலிருந்து கேனன்ஸ் வரை

1850ஆம் ஆண்டு ஏப்ரல் 4. வட லண்டனின் கேம்டன் டவுனில், கேம்டன் தெரு 46ஆம் எண் வீட்டில் ஒரு பள்ளிக்கூடம் தொடங்கியது. முதலில் சேர்ந்தவர்கள் 35 பெண் பிள்ளைகள். பள்ளியை நடத்த முன்வந்த ஃபிரான்சஸ் மேரி பஸ்ஸுக்கு வயது 22. ஆண்டு முடிவதற்குள் பிள்ளைகளின் எண்ணிக்கை நூறைத் தாண்டிவிட்டது.

அந்தப் பள்ளி இன்றும் இருக்கிறது. பெயர் நார்த் லண்டன் காலேஜியட் ஸ்கூல். இடம் மட்டும் மாறிவிட்டது. லண்டனின் வடமேற்கு விளிம்பில், எட்ஜ்வேர் அருகே, கேனன்ஸ் என்ற பழைய மாளிகையும் ஏறத்தாழ 30 ஏக்கர் நிலமும் இப்போது அதன் வளாகம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவிகள் படிக்கிறார்கள். பிரிட்டனின் தேர்வு முடிவுப் பட்டியல்களில் அதன் பெயர் வழக்கமாக உச்சியை ஒட்டி நிற்கும்.

இந்த இரண்டு காட்சிகளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் வெற்றிக் கதை ஒன்று தானாகக் கிடைக்கும். அது பொய்யில்லை. ஆனால் கதை அதோடு முடியவில்லை. மிஸ் பஸ் தம் வாழ்நாளில் திறக்க முயன்ற கதவுகள் இரண்டு. ஒன்று இன்று அகலத் திறந்து கிடக்கிறது. இன்னொன்று கொஞ்ச காலம் திறந்திருந்து, பிறகு மெல்ல மெல்லச் சாத்திக்கொண்டது.

கணக்கில் தோற்ற பெண்கள்

மிஸ் பஸ்ஸின் அப்பா ஓவியர். டிக்கன்ஸின் முதல் நாவலான பிக்விக் தொடராக வந்தபோது அதற்குப் படம் வரைய அமர்த்தப்பட்டு, இரண்டே படங்களோடு விலக்கப்பட்டவர். தூரிகையை நம்பிய குடும்பத்தில் வருமானம் நிலையாக வராது. அம்மா சிறு பள்ளி ஒன்றை நடத்திச் சமாளித்தார். மகள் 14 வயதிலேயே வகுப்பெடுக்கத் தொடங்கினார். பகலில் பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டு, 1848இல் ஹார்லி தெருவில் தொடங்கியிருந்த குயின்ஸ் காலேஜின் மாலை நேர விரிவுரைகளுக்குப் போய்வந்தார். புதிய பள்ளி தொடங்கியபோது அப்பாவும் தம்பிகளும் கூட வகுப்பெடுத்தார்கள். குடும்பமே ஆசிரியர் அறையாக இருந்த காலம் அது.

அன்றைய நடுத்தர வர்க்கத்துப் பெண்ணுக்குக் கல்வி என்றால் கொஞ்சம் பிரெஞ்சு, பியானோ, வாட்டர் கலர், தையல், எப்படி நிமிர்ந்து உட்காருவது என்ற பயிற்சி. எல்லாமே வரவேற்பறைக்கான படிப்பு. தந்தையோ கணவனோ தாங்கும்வரை அது போதும். தந்தை இறந்து, திருமணமும் ஆகாமல் போனால், கௌரவமாகச் செய்யக்கூடிய வேலை என்று அவளுக்கு ஏறக்குறைய ஒன்றுதான் இருந்தது: யாரோ ஒருவர் வீட்டில் தங்கி, அவர்கள் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் கவர்னஸ் வேலை. தனக்கே சரியாகக் கற்பிக்கப்படாத பாடத்தை அவள் அடுத்த தலைமுறைக்குக் கற்பித்தாக வேண்டும். அறியாமை இப்படித்தான் அம்மாவிடமிருந்து மகளுக்கு வராமல், கவர்னஸிடமிருந்து மாணவிக்குப் போய்க்கொண்டிருந்தது. இந்தச் சுழலை உடைப்பதுதான் மிஸ் பஸ்ஸின் முதல் நோக்கம்.

பெண்களின் படிப்பு எவ்வளவு பலவீனமாக இருந்தது என்பதை 1863ஆம் ஆண்டு காட்டியது. அதுவரை பையன்களுக்கு மட்டுமே நடந்துவந்த கேம்பிரிட்ஜ் லோக்கல் தேர்வைப் பெண்களும் ஒருமுறை எழுதிப் பார்க்கட்டும் என்று பல்கலைக்கழகத்தைப் பெண்கல்விக்காகப் போராடிய எமிலி டேவிஸ் இணங்க வைத்தார். தயாராக ஆறு வாரமே இருந்தது. மிஸ் பஸ் தம் மாணவிகளை அனுப்பினார். மற்ற பாடங்களில் பெண்கள் தலைநிமிர்ந்தார்கள். கணக்கில் மூத்த வகுப்புப் பெண்களில் பெரும்பாலோர் தோற்றார்கள். பெண் மூளைக்குக் கணக்கு ஏறாது என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு அது நல்ல சான்றாகத் தோன்றியிருக்கும். மிஸ் பஸ் அதை வேறுவிதமாகப் படித்தார். கற்பித்த முறைதான் தோற்றது என்று முடிவுகட்டி, கணக்குப் பாடத்தை அடியிலிருந்து மாற்றி அமைத்தார். 1865இல் தேர்வு பெண்களுக்கு முறைப்படி திறந்தபோது முடிவுகள் வெகுவாகத் தேறியிருந்தன. பின்னாளில் இலங்கையில் நம் தாத்தா பாட்டிகள் ‘சீனியர் கேம்பிரிட்ஜ்’ என்று பெருமையாகச் சொன்ன தேர்வும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

அதே 1865இல் அரசின் பள்ளி விசாரணைக் குழு முன் மிஸ் பஸ்ஸும் எமிலி டேவிஸும் நேரில் சாட்சியம் சொன்னார்கள். அரச ஆணையம் ஒன்றின் முன் பெண்கள் நேரில் வந்து பேசியது அதுவே முதல் முறை. பதற்றத்தில் மிஸ் பஸ்ஸுக்குக் குரலே சரியாக எழவில்லை என்கிறார்கள். ஆனாலும் சொல்ல வந்ததைச் சொன்னார். குழுவின் அறிக்கை பெண்கள் பள்ளிகளின் மேலோட்டமான படிப்பைக் கடுமையாக விமர்சித்தது. அறநிதியில் இயங்கும் பெண்களுக்கான இடைநிலைப் பள்ளிகள் நாடு முழுக்க ஒரு டஜன் அளவுக்குத்தான் இருந்தன. பையன்களுக்கோ நூற்றுக்கணக்கில். தலைமுறை தலைமுறையாகச் செல்வர்கள் கல்விக்கென எழுதிவைத்த சொத்தெல்லாம் ஒரே பக்கம் பாய்ந்திருக்கிறது என்பது அப்போதுதான் எல்லோர் கண்ணிலும் பட்டது.

தன் பள்ளியைத் தானம் கொடுத்தவர்

மிஸ் பஸ்ஸின் வாழ்க்கையில் நான் மிகப் பெரிதாக மதிக்கும் செயல் 1871இல் நடந்தது. அதுவரை அந்தப் பள்ளி அவருடைய சொந்தப் பள்ளி. நன்றாக நடந்துகொண்டிருந்தது. வருமானமும் வந்தது. அவர் நினைத்திருந்தால் வசதியாக வாழ்ந்து, உறவினர் யாருக்காவது எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கலாம். அவர் பள்ளியை ஓர் அறக்கட்டளையிடம் ஒப்படைத்தார். தாம் நடத்திய பள்ளியிலேயே நிர்வாகக் குழுவுக்குப் பதில் சொல்ல வேண்டிய, குறைந்த சம்பளம் வாங்கும் தலைமையாசிரியை ஆனார். தனி ஒருவரின் உடைமையாக இருக்கும் பள்ளி அவரோடு போய்விடும், ஊருக்குச் சொந்தமான பள்ளிதான் நிலைக்கும் என்பது அவர் கணக்கு.

அதோடு நிற்கவில்லை. அதே ஆண்டு பக்கத்திலேயே இன்னொரு பள்ளியும் தொடங்கினார். கேம்டன் ஸ்கூல் ஃபார் கேர்ள்ஸ். கட்டணம் மிகக் குறைவு. சின்னக் கடைக்காரர், குமாஸ்தா போன்றவர்களின் பிள்ளைகளுக்கான பள்ளி. அங்கே நன்றாகப் படிக்கும் பெண் உதவித்தொகை பெற்று மேல் பள்ளிக்கு வரலாம். அங்கிருந்து இன்னொரு உதவித்தொகையில் கேம்பிரிட்ஜ் வரை போகலாம். இந்தப் படிகளில் உண்மையிலேயே ஏறியவர் சாரா பர்ஸ்டால். கேம்டன் பள்ளியில் சேர்ந்து, நார்த் லண்டன் காலேஜியட்டுக்கு வந்து, கேம்பிரிட்ஜின் கர்ட்டன் கல்லூரியில் கணிதம் படித்து, திரும்பி வந்து அதே பள்ளியில் கற்பித்தார். 1898 முதல் 1924 வரை மான்செஸ்டர் பெண்கள் உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியை அவர்தான்.

பணம் திரட்டுவதுதான் பெரும்பாடாக இருந்தது. பையன்கள் பள்ளிக்கென்று கேட்டால் லண்டன் வணிகர்களின் கை தாராளமாக நீளும். பெண்கள் பள்ளிக்கென்றால் அதே கை சட்டைப் பைக்குள் போய்விடும். மிஸ் பஸ் இதை நினைத்து மனம் கசந்தார். ஆனாலும் கதவு கதவாகத் தட்டினார். கடைசியில் பழைய வணிகச் சங்கங்களின் அறநிதிகள் துணைக்கு வந்தன. 1879இல் சாண்டல் சாலையில் பெரிய கட்டடம் எழுந்தது. வேல்ஸ் இளவரசரும் இளவரசியும் வந்து திறந்துவைத்தார்கள்.

தகப்பனார் என்ன வேலை செய்கிறார், எந்த மதம் என்பதையெல்லாம் பார்த்து மாணவிகளைப் பிரிக்கும் வழக்கம் அந்தப் பள்ளியில் இல்லை. மத வகுப்பிலிருந்து பிள்ளையை விலக்கிக்கொள்ளும் உரிமை பெற்றோருக்கு இருந்தது. யூதப் பிள்ளைகளும் ஆங்கிலிகன் சபைக்கு வெளியே இருந்த கிறிஸ்தவப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். வர்க்கம் பார்த்துப் பேசும் விக்டோரிய இங்கிலாந்தில் இது சாதாரண விஷயமில்லை.

வகுப்பறை

அன்றைய பள்ளி காலையில் மட்டும் நடந்தது. மதிய உணவுக்குப் பெண்கள் வீடு திரும்பினார்கள். மதியம் வீட்டோடு இருக்க வேண்டும் என்பது குடும்பங்களின் எதிர்பார்ப்பு. அதிகம் படித்தால் பெண்ணின் உடல் கெட்டுவிடும் என்று மருத்துவர்களே எழுதிக்கொண்டிருந்த காலம். அதற்கு மிஸ் பஸ்ஸின் பதில் உடற்பயிற்சி. வகுப்புகளுக்கு நடுவே பயிற்சிக்கென நேரம் ஒதுக்கினார். படிக்கும் பெண் நோயாளியாகத்தான் ஆக வேண்டும் என்ற விதி கிடையாது என்பதை அந்தப் பெண்களின் ஆரோக்கியமே நிரூபிக்க வேண்டியிருந்தது.

ஒழுங்கு மிகக் கடுமை. படிக்கட்டில் பேசக்கூடாது, இங்கே நடக்கக்கூடாது, அதைத் தவறவிடக்கூடாது என்று விதிகளுக்குக் கணக்கில்லை. மிஸ் பஸ்ஸின் நிழல் தெரிந்தாலே பிள்ளைகள் நடுங்கினார்கள் என்று அங்கே படித்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். அதை நியாயப்படுத்த நான் விரும்பவில்லை. ஆனால் காரணம் புரிகிறது. ஒரு பெண் தவறு செய்தால் ஊர் அந்தப் பெண்ணைத் திட்டாது, பெண்களைப் படிக்கவைத்ததைத் திட்டும். அந்தப் பயத்தின் கனத்தைச் சிறுமிகள் சுமந்தார்கள்.

பாடங்களில் கணக்கும் அறிவியலும் லத்தீனும் இருந்தன. கணிதத்துக்கு 1875இல் வந்து சேர்ந்தவர் சோஃபி பிரையன்ட். டப்ளினில் பிறந்தவர். 19 வயதில் திருமணம், அடுத்த ஆண்டே கைம்பெண். லண்டன் பல்கலைக்கழகம் 1878இல் பெண்களுக்குப் பட்டம் வழங்க முன்வந்ததும், வேலை பார்த்துக்கொண்டே படித்தார். 1884இல் அறிவியலில் டாக்டர் பட்டம். இங்கிலாந்தில் அதைப் பெற்ற முதல் பெண் அவர். தேனடை அறைகளின் வடிவியல் பற்றி லண்டன் கணிதச் சங்கத்தின் இதழில் கட்டுரை எழுதினார். 1894இல் மிஸ் பஸ் காலமானபின் 1895 முதல் 1918 வரை பள்ளியை நடத்தியவரும் அவர்தான். பெண்ணுக்குக் கணக்கு வருமா என்று கேட்டவர்களுக்கு, கரும்பலகை முன் நின்ற ஓர் ஆசிரியையே போதுமான பதில்.

இன்று அதே பள்ளியில் இயற்பியல், உயர்கணிதம், கணினியியல் எல்லாம் மாணவிகள் வழக்கமாக எடுக்கும் பாடங்கள். ஏ லெவல் படிக்கலாம், அல்லது சர்வதேசப் பாடத்திட்டமான ஐ.பி. படிக்கலாம். ஆனால் பிரிட்டன் முழுவதையும் எடுத்துக்கொண்டால் இயற்பியலில் ஏ லெவல் எழுதுவோரில் பெண்கள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான். 2012இல் அந்நாட்டு இயற்பியல் கழகம் வெளியிட்ட ஆய்வு, கலப்புப் பள்ளிப் பெண்களைவிடப் பெண்கள் பள்ளி மாணவிகள் இரண்டு மடங்குக்கும் அதிகமாக இயற்பியலைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று காட்டியது. தேர்ந்தெடுத்துச் சேர்ப்பது, குடும்பப் பின்னணி போன்றவற்றுக்கும் இதில் பங்குண்டு. ஆனாலும் 1863இன் சந்தேகம் இன்னும் முழுதாகச் சாகவில்லை என்பதை இந்த எண்கள் சொல்கின்றன. பெண்களுக்கெனத் தனிப்பள்ளி எதற்கு என்று கேட்போர் இதையும் எடைபோட வேண்டும்.

படித்து முடித்தபின்

அன்று பள்ளி முடித்த பெண் போகக்கூடிய இடங்களை விரல் விட்டு எண்ணலாம். கேம்பிரிட்ஜில் கர்ட்டன், நியூன்ஹாம் என்று இரண்டு கல்லூரிகள் வந்திருந்தன. அங்கே தேர்வெழுதலாம், முதல் வரிசையில் தேறலாம், பட்டம் மட்டும் கிடைக்காது. ஆக்ஸ்போர்டு 1920இல் இறங்கிவந்தது. கேம்பிரிட்ஜ் பெண்களுக்கு முழுப் பட்டம் கொடுத்தது 1948இல்தான். வேலை என்றால் பெரும்பாலும் ஆசிரியப் பணி. திருமணம் ஆனால் அதையும் விட வேண்டும் என்ற விதி பல ஊர்களில் இருந்தது. அரசுப் பள்ளி ஆசிரியைகளுக்கு அந்தத் தடையை நீக்கியது 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம். மிஸ் பஸ்ஸும் அவருடைய தோழியும் செல்டன்ஹாம் பள்ளியின் தலைவியுமான டொரோத்தியா பீலும் திருமணம் செய்துகொள்ளவில்லை. அதைக் கேலி செய்து ஒரு பாட்டே உலவியது. அந்தக் கேலிக்குப் பின்னால் இருந்த உண்மை கசப்பானது: குடும்பமா, வேலையா என்று அன்றைய பெண் ஒன்றைத்தான் எடுக்க முடிந்தது.

இந்த நெருக்கடிக்குள்ளிருந்தும் பள்ளி பலரை அனுப்பியது. புதைபடிவத் தாவரங்களை ஆராய்ந்து பின்னர் லண்டனில் குடும்பக் கட்டுப்பாட்டு மருத்துவ நிலையம் தொடங்கிய மேரி ஸ்டோப்ஸ், உழைக்கும் பெண்களின் ஊதியத்தை ஆராய்ந்த கிளாரா காலெட், கவிஞர் ஸ்டீவி ஸ்மித் எல்லோரும் இங்கே படித்தவர்கள். பிற்காலத்தில் வோக் இதழாசிரியராக இருந்த அன்னா வின்டூர், அரச இசைத் தலைவர் பதவிக்கு 2014இல் அமர்த்தப்பட்ட முதல் பெண் ஜூடித் வெயர். இன்று மருத்துவம், பொறியியல், சட்டம் என்று எந்தத் துறைக்கும் போகலாமா என்ற கேள்வியே மாணவிகளுக்கு எழுவதில்லை. எந்தப் பல்கலைக்கழகம் என்பதுதான் கேள்வி. மிஸ் பஸ் தட்டிய முதல் கதவு இதுதான். அது திறந்துவிட்டது.

இரண்டாவது கதவு

இரண்டாவது கதவு, கட்டணம் கட்ட முடியாத வீட்டுப் பெண்களுக்கானது. 1929இல் பள்ளி கேனன்ஸ் நிலத்தை வாங்கியது. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சாண்டோஸ் பிரபுவின் மாளிகை இருந்த இடம். இசைமேதை ஹாண்டெல் அங்கே தங்கி இசையமைத்ததுண்டு. அந்த மாளிகை இடிக்கப்பட்டு, அதன்பின் எழுந்த வீட்டைச் சுற்றித்தான் இன்றைய பள்ளி வளர்ந்திருக்கிறது. 1940இல் பள்ளி முழுவதும் அங்கே குடிபெயர்ந்தது. பச்சைப் புல்வெளி, விளையாட்டுத் திடல், நல்ல காற்று. கேம்டன் டவுனின் புகைக்கும் நெரிசலுக்கும் இது பெரிய மாற்றம். ஆனால் நகரத்தின் நடுவே, நடந்து வரும் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளி நகரத்தின் ஓரத்துக்குப் போயிற்று. இன்று பல மாணவிகள் பள்ளிப் பேருந்தில் தொலைவிலிருந்து வருகிறார்கள். இந்த வளாகம் இருக்கும் ஹாரோ வட்டாரத்தில் நம் இலங்கைத் தமிழ்க் குடும்பங்களும் நிறைய வாழ்கின்றன. பதினோரு வயது நுழைவுத் தேர்வு என்றால் அந்த வீடுகளில் எவ்வளவு பரபரப்பு என்பதை லண்டனில் உறவினர் உள்ளவர்கள் அறிவார்கள்.

பணத்தின் கதை இன்னும் வளைந்து போகிறது. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் இப்பள்ளி அரசின் நேரடி மானியம் பெறும் பள்ளிகளில் ஒன்று. அந்த ஏற்பாட்டில் இடங்களில் ஒரு பகுதியை இலவசமாகத் தர வேண்டும். பணக்காரர் மகளும் பஸ் கண்டக்டர் மகளும் ஒரே தேர்வெழுதி ஒரே வகுப்பில் உட்கார வழியிருந்தது. 1970களின் நடுவில் அரசு அந்த மானியத்தை முடிவுக்குக் கொண்டுவந்தது. கலப்பு நிலைப் பொதுப்பள்ளியாக மாறு, அல்லது கட்டணப் பள்ளியாகத் தனித்து நில் என்ற நிலையில், இப்பள்ளி தனித்து நின்றது. பின்னர் ஏழை மாணவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கும் திட்டம் ஒன்று 1980களில் வந்தது. 1997இல் புதிய அரசு அதையும் நிறுத்தியது. 2025 ஜனவரி முதல் தனியார் பள்ளிக் கட்டணத்தின் மீது 20 விழுக்காடு மதிப்புக் கூட்டு வரியும் சேர்ந்துவிட்டது. இன்று ஒரு பிள்ளைக்கு ஆண்டுக் கட்டணம் 20,000 பவுண்டைத் தாண்டுகிறது. குமாஸ்தா மகளுக்கு அது எட்டாத தொகை. பள்ளி பெயரில் தென்கொரியாவின் ஜேஜு தீவில் 2011இலும், துபாயில் 2017இலும், சிங்கப்பூரில் 2020இலும் கிளைகள் திறந்தன. அவையும் கட்டணப் பள்ளிகளே.

தங்கைப் பள்ளியின் கதை வேறு திசையில் போயிற்று. கேம்டன் ஸ்கூல் ஃபார் கேர்ள்ஸ் அரசு உதவி பெறும் பள்ளியானது. 1970களில் நுழைவுத் தேர்வை விட்டுவிட்டு, எல்லாத் தரத்துப் பிள்ளைகளையும் சேர்க்கும் பொதுப்பள்ளியாயிற்று. கட்டணம் கிடையாது. போருக்குப் பின் அது குடிபுகுந்த இடம், அக்காள் பள்ளி விட்டுப்போன அதே சாண்டல் சாலை. ஒரே பெண்மணி, ஒரே ஆண்டில் அறக்கட்டளையின் கையில் ஒப்படைத்த இரண்டு பள்ளிகளுக்கு நடுவே இன்று ஆண்டுக்குப் பல்லாயிரம் பவுண்டு தூரம். சாரா பர்ஸ்டால் ஏறிய படி அந்த இரண்டுக்கும் நடுவே இப்போது இல்லை.

இதற்கு இன்றைய ஆசிரியைகளையோ மாணவிகளையோ குறை சொல்வதில் பொருளில்லை. மானியத்தை நிறுத்தியதும் திட்டங்களை மாற்றியதும் அடுத்தடுத்து வந்த அரசுகள். வரியை ஆதரிப்போரின் வாதத்திலும் நியாயம் உண்டு: பெரும்பான்மைப் பிள்ளைகள் படிக்கும் அரசுப் பள்ளிகளுக்குப் பணம் வேண்டும். பள்ளியிலும் உதவித்தொகைகள் இருக்கின்றன. கட்டணம் முழுவதையும் தள்ளுபடி செய்யும் இடங்களும் உண்டு. ஆனால் அவை விதிவிலக்கு. மிஸ் பஸ் விதியாக வைக்க நினைத்ததை இன்றைய பள்ளி சலுகையாக வைத்திருக்கிறது.

1850இல் பெண் என்பதே தடை. அந்தத் தடையை ஒரு மனுஷி தன் கல்வியாலும் பிடிவாதத்தாலும் கடந்தார். அது போதாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் தம் உடைமையையே ஊருக்குக் கொடுத்தார். அதனால்தான் குறைந்த கட்டணத்தில் இரண்டாவது பள்ளி கட்டினார். பட்டியல்களில் முதலிடம் பிடிப்பது அவருக்கு மகிழ்ச்சி தந்திருக்கும். ஆனால் அவர் முதலில் கேட்கும் கேள்வி, கட்டணம் கட்ட முடியாத வீட்டிலிருந்து இந்த ஆண்டு எத்தனை பெண்கள் சேர்ந்தார்கள் என்பதாகவே இருக்கும். அந்த எண்ணிக்கையை ஆண்டுதோறும் உயர்த்துவதும், நிர்வாகமும் பழைய மாணவிகளும் அதற்காகப் பணம் திரட்டுவதும்தான் நிறுவனருக்குச் செய்யும் உண்மையான நன்றிக்கடன். அவர் வீடு வீடாகப் போய்க் கேட்ட பணம் அதற்குத்தான்.